பேசியவர் பெயர்

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்கம்மா, நான் உள்ளே போய் உட்கார்ந்துக்கிடறேன். ஜன்னல் பக்கம்தான் வேணும். மணிக்கூண்டு ஸ்டாப்பில் ஒரு தையல் கடை இருக்கு, அது கண்ணுல படணும். அங்கேதான் இறங்கணும். நீங்க தென்காசி வரைக்குமா? நல்லது.

கையில என்ன, கணக்கு வினா வங்கியா? பொண்ணுக்கா? பத்தாவதா! அடடே. நான் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்தான். முப்பத்தோரு வருஷமா. பள்ளிக்கூடம் பேரைச் சொல்ல வேண்டாம். சொன்னால், "ஓ, அந்தப் பிள்ளை மயங்கி விழுந்த பள்ளிக்கூடமா?"ன்னு கேட்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. விழுந்தது எல்லாருக்கும் தெரியுது. அதுக்கு முன்னாடி அந்த வகுப்பை நான் எப்படி வச்சிருந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியலை.

என் வகுப்பு வராந்தாவில் கடைசி அறை. நாற்பத்தேழு பெண் பிள்ளைகள். தலைமை ஆசிரியை அந்தப் பக்கம் போனால் உள்ளே ஆள் இருக்கிறதே தெரியாது, அவ்வளவு அமைதி. சும்மா வருமா அமைதி? நான் பாதி நேரம் ஆபீசில்தான். ஆதார் நம்பரை ஏத்து, ரத்த வகையை ஏத்து, கம்ப்யூட்டர் நின்னு போச்சு, மறுபடி ஏத்துன்னு உயிரை எடுப்பாங்க. அந்த நேரத்துல வகுப்பைப் பார்த்துக்கிடறது லீடர். கரும்பலகை மேலே "பேசியவர் பெயர்"னு எழுதிக் கோடு போட்டுட்டு, பேசுகிறவள் பேரை ஒண்ணொண்ணா எழுதணும். திரும்பவும் பேசினால் பேருக்குப் பக்கத்தில் "அடங்கவில்லை". அதுக்கும் மேலே போனால் "மிகவும் அடங்கவில்லை". அப்புறம் "மி.மி. அடங்கவில்லை". நீங்க படிக்கும்போதும் உண்டுதானே? சிரிக்கிறீங்க பாருங்க. உங்க பேரும் ஏறியிருக்கும்.

பேர் ஏறினவள் அடுத்த பீரியட் முழுக்க வராந்தாவில் நிக்கணும். நான் கை நீட்டி அடிக்கிறதே இல்லை. அந்தக் காலம் போச்சு. சும்மா நிக்க வைப்பேன், அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் வச்சிருந்தேன். அது நானே யோசிச்சது. பலகையில் ஒரு பேரும் இல்லைன்னா, வகுப்பு முழுசுக்கும் அன்னைக்கு விளையாட்டுப் பீரியட் கிடையாது. ஏன்னு கேளுங்க. நாற்பத்தேழு பிள்ளைகள் நாற்பது நிமிஷம் வாயே திறக்கலைன்னா அது நடக்கிற காரியமா? லீடர் யாரையோ மறைக்கிறாள்னு அர்த்தம். மறைக்கக் கூடாது. நேர்மை முக்கியம். இந்த விதியைப் பார்த்துட்டு ஒன்பதாம் வகுப்பு டீச்சர்கூட, "நல்லாருக்கே, நானும் வைக்கிறேன்"னு சொன்னாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உலகம்மாள்னு ஒரு பிள்ளை. உலகுன்னு கூப்பிடுவோம். அப்பா இல்லை. அம்மா குவைத்துல வீட்டு வேலை. இது சித்தி வீட்டில் இருந்து படிக்குது. அரைப் பரீட்சையில் கணக்குல தொண்ணூத்தொண்ணு. கொஞ்சம் பிடிச்சு இழுத்தால் நூறு. எங்க பள்ளிக்கூடத்துல கணக்குல நூறு வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பிள்ளை என்கிட்டப் பேசவே பேசாது. கேள்வி கேட்டால் எழுந்து நின்னு பலகையைப் பார்க்கும். விடை தெரியும், வாய்தான் வராது. யார்கிட்டயும் பேசாது. ரிஸ்வானாகிட்ட மட்டும்தான்.

ரிஸ்வானாவுக்குக் கணக்குல நாற்பத்தாறு. வாய் மட்டும் நூத்துக்கு நூறு. ரெண்டும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மூணாவது பெஞ்சு, சுவர் ஓரம். குசுகுசுன்னு ஓயாமல் பேச்சு. அப்படி என்னதான் பேசறாளுக? ஒரு நாள் கையும் களவுமாப் பிடிச்சேன். நோட்டின் நடுத்தாளைக் கிழிச்சு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதியிருந்தாங்க. வகுப்புக்கு முன்னால சத்தமா வாசிச்சுக் காட்டினேன். எனக்கு இப்பவும் மனப்பாடம்.

"காலையில என்ன சாப்பிட்ட?" "இட்லி." "எத்தனை?" "ரெண்டு." "ஏட்டி, நிஜமாச் சொல்லு." "ஒண்ணு." "மத்தியானம் என் டப்பாவுல இடியாப்பம். பாதி உனக்கு. பின்கேட்டுக்கிட்ட போய் அழக் கூடாது, சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் சங்கதி! இதுக்கு ஒரு தாளா? வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். "ரிஸ்வானா, நீ என்ன இவளுக்கு அம்மாவா?"ன்னு கேட்டேன். அவள், "இல்ல டீச்சர், அவ அம்மா குவைத்துல இருக்காங்க"ன்னு பட்டுன்னு பதில் சொன்னாள். வாயைப் பாருங்க.

அன்னைக்கே முடிவு பண்ணினேன், இதுகளைப் பிரிச்சால்தான் ஒண்ணாவது தேறும்னு. உங்க பொண்ணுக்கும் இப்படி ஒட்டிக்கிட்டே திரியற சிநேகிதி இருக்காளா? இருப்பாள். பார்த்துக்கிடுங்க. ஆனா… சரி, அப்புறம் சொல்றேன்.

உலகுவை முதல் பெஞ்சுக்கு மாத்தினேன். ரிஸ்வானாவைக் கடைசிப் பெஞ்சுக்கு. அத்தோட விடலை, உலகுவையே லீடர் ஆக்கினேன். பொறுப்பு கொடுத்தால் கூச்சம் போகும். எழுதறதுக்கு வாய் வேண்டாமே, சாக்பீஸ் போதும். நல்ல யோசனைதானே? நீங்களே சொல்லுங்க.

முதல் நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தேன். பலகையில் தலைப்பு இருக்கு, கோடு இருக்கு, பேர் ஒண்ணும் இல்லை. நான் வராந்தாவில் வரும்போதே ரிஸ்வானா குரல் கேட்டுது, "ஏட்டி உலகு, தண்ணி குடிச்சியா?"ன்னு. கடைசிப் பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு! கேட்டும் இவள் எழுதலை. நான் விதிப்படி நடந்துக்கிட்டேன். விளையாட்டுப் பீரியட் ரத்து. அன்னைக்குக் கபடி மேட்ச் இருந்துது போல. பிள்ளைகள் எல்லாம் உலகு மேல பாய்ஞ்சுட்டாங்க. "உன் கூட்டாளிக்காக நாங்க ஏண்டி உட்காரணும்?"ன்னு ஒருத்தி அவள் பையைத் தூக்கிக் கீழே போட்டாள். நான் அதைக் கண்டிச்சேன். கண்டிக்காமல் இல்லை.

மறுநாள் பலகையில் பேர் இருந்துது. ரிஸ்வானா. அழகான கையெழுத்து. அதுக்கு மறுநாளும் ரிஸ்வானா. அப்புறம் ரிஸ்வானா, அடங்கவில்லை. ஒரு வாரத்துல மி.மி. அடங்கவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆசிரியர் அறையில் சொன்னேன், "பாருங்க, உயிர்த் தோழி பேரையே எழுதறாள். நியாயஸ்தி"ன்னு. ஒன்பதாம் வகுப்பு டீச்சர் கைகூடத் தட்டினாங்க.

ரிஸ்வானா தினமும் வராந்தாவில் நின்னாள். நிக்கிறவள் முகத்துல கொஞ்சம் வருத்தம் வேண்டாமா? கிடையாது. ஜன்னல் வழியா உலகுவைப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பாட்டு நேரத்துல ரெண்டும் ஒண்ணா உட்கார்ந்து அதே இடியாப்பம். பேர் எழுதினவளும் ஏறினவளும் ஒரே டப்பாவில் சாப்பிட்டால் தண்டனைக்கு என்ன மரியாதை? சொல்லுங்க.

அதனாலதான் ரிஸ்வானா வாப்பாவுக்கு ஆள் விட்டேன். பீர் முகமதுன்னு பேரு. தையல்காரர். நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார். மாலையில் வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுட்டு வகுப்புக்குள்ள வந்தார். பலகையைக் காட்டினேன். இருபத்துமூணு நாளா இதே பேர்னு சொன்னேன்.

"ஏன் டீச்சர், இத்தனை பிள்ளைகள்ல எம்மவ மட்டுமா பேசுதா?"ன்னு கேட்டார்.

"உங்க பொண்ணு அடங்கலை பாய், அவ்வளவுதான்."

"இதை யாரு எழுதுனது?"

அப்போதான் உலகுவைக் கூப்பிட்டேன். பக்கத்துலதான் நின்னாள், கையைப் பின்னால கட்டிக்கிட்டு. ரிஸ்வானா அந்தப் பக்கம். "உலகு, நீ எழுதினது நிஜமா, பொய்யா?"ன்னு கேட்டேன். பொய்னு சொன்னால் அவள் நேர்மை போச்சு. இருபத்துமூணு நாளும் வகுப்பு விளையாடினது தப்புன்னு ஆயிடும். பிள்ளைகள் வாசலில் கூட்டமா நிக்கிறாங்க. அவள் ரிஸ்வானாவைப் பார்த்தாள். ரிஸ்வானா இப்படி, லேசாத் தலையை ஆட்டினாள், சொல்லு சொல்லுன்னு. உலகு வாயைத் திறந்து, "நிஜம்"னு சொன்னாள்.

அதுதான் அந்தப் பிள்ளை என் வகுப்பில் கடைசியாப் பேசின வார்த்தை. அப்போ எனக்கு என்ன தெரியும்? பரவாயில்லையே, வாய் திறந்துட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன்.

பாய் ஒண்ணும் கத்தலை. மகள்கிட்டத் திரும்பி, "இவளுக்குத்தானா விடிய முன்னே எந்திரிச்சு உங்க உம்மா இடியாப்பம் அவிக்குதா?"ன்னு மட்டும் கேட்டார். என்கிட்ட, "வேற வகுப்புக்கு மாத்திடுங்க டீச்சர். இந்தப் பிள்ளைகூட இனிமே எம்மவளுக்குப் பேச்சு இல்லை"ன்னார். ரிஸ்வானா, "வாப்பா, நான் சொல்றதைக் கேளுங்க"ன்னாள். அவர் கேட்கலை. நானும்… நேரம் ஆயிடுச்சு, வாட்ச்மேன் கதவைப் பூட்ட நிக்கிறார். மறுநாளே பி பிரிவுக்கு மாத்தினோம். பி பிரிவு எதிர்க் கட்டடம். சாப்பாட்டு மணியும் வேற நேரம்.

கண்டக்டர் தம்பி, மணிக்கூண்டு வர இன்னும் நேரம் இருக்கா? சரி, சரி. எதுக்குச் சிரிக்கிறீங்க?

எங்கே விட்டேன்? ஆங். அதுக்கு அப்புறம்தான் என் வகுப்பு நிஜமாவே அமைதியாச்சு. உலகுவைப் பார்த்தாலே எல்லாரும் வாயை மூடிடுவாங்க. "ஏட்டி, சாக்பீஸ் வருது"ன்னு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிடுவாங்களாம், எனக்குப் பின்னால தெரிஞ்சுது. கூட்டாளியையே மாட்டிவிட்டவள்னு யாரும் பக்கத்துல உட்காரலை. சாப்பாட்டு நேரத்துல அவள் டப்பாவைத் திறக்காமலே கழுவற இடத்துக்குக் கொண்டுபோவாளாம். அதையும் பின்னாலதான் சொன்னாங்க. நாற்பத்தேழு டப்பாவையும் ஒரு டீச்சர் எட்டிப் பார்க்க முடியுமா?

ஆனால் ஒண்ணு நானே பார்த்தேன். ரிஸ்வானா போன மறுநாள், ஆபீசிலிருந்து வர்றேன். பலகையில் ஒரு பேர். யார் பேர்? உலகம்மாள். மி.மி. அடங்கவில்லை. அவளே எழுதிட்டு, நான் சொல்றதுக்கு முன்னாடியே வராந்தாவில் போய் நிக்கிறாள்.

வாயே திறக்காத பிள்ளை அது! எனக்குக் கோபம் வந்துது. என்னைக் கேலி பண்றாள்னு நினைச்சேன். "சரி, நில்லு. திமிர் எவ்வளவு நாளைக்குன்னு பார்ப்போம்"னு விட்டுட்டேன். பலகையில் ஏதோ ஒரு பேர் இருக்கணும், விதிப்படி இருந்துது. பிள்ளைகளும் விளையாடப் போனாங்க. அடுத்த நாளும் அதே பேர். அதுக்கு அடுத்த நாளும். வராந்தாவிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்துல பி பிரிவு ஜன்னல் தெரியும். அதுக்காகத்தான் நின்னாளோ என்னவோ. நான் அதை அப்போ யோசிக்கலை.

திருப்புதல் தேர்வு ஒண்ணுல எழுபது. ரெண்டுல முப்பத்தெட்டு. மூணாவதுக்கு வெறும் தாள். மேலே பேர், நம்பர், தேதி எல்லாம் சுத்தமா எழுதி, மார்ஜின் போட்டு, கீழே ஒண்ணுமே இல்லை. "உங்க அம்மா பாலைவனத்துல பாத்திரம் தேய்க்கிறது இதுக்குத்தானா?"ன்னு கேட்டேன். கேட்காமல் எப்படி இருக்கிறது? அக்கறையில கேட்டதுதான். அவள் என்னைப் பார்த்தாள். கோபமா இருந்தால்கூடப் பரவாயில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை. ஜன்னல் கம்பியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அதுக்கு நாலாம் நாள்தான் வராந்தாவில் விழுந்தாள். தூக்கினேன், ஒரு கையால தூக்க முடிஞ்சுது. சித்தி வந்து, "வீட்டுல சாப்பிட்டு இருபது நாளாச்சு டீச்சர், ஸ்கூல்ல சாப்பிடுதான்னு நினைச்சேன்"னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான், வீட்டுல சாப்பிடுவாள்னு நினைச்சிருந்தேன். சரி, நினைக்கவே இல்லை.

இப்போ பாளையங்கோட்டையில் சேர்த்திருக்கு. மனசுக்குப் பார்க்கிற வார்டு. பன்னிரண்டு நாளாச்சு. மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் கஞ்சி இறங்குது. யார்கிட்டயும் ஒரு வார்த்தை கிடையாது. குவைத்திலிருந்து அம்மா வீடியோவில் அழறாங்க, இது கண்ணை மூடிக்கிடுது. டாக்டரம்மா சின்ன வயசுதான், என்கிட்டப் படிச்ச பிள்ளை வயசு. "இவளுக்கு நெருங்கின சிநேகிதி யார்?"ன்னு கேட்டாங்க. நான், "எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் எல்லார்கூடவும் ஒத்துமைதான் மேடம்"னேன். சித்திதான் ரிஸ்வானா பேரைச் சொன்னாங்க.

இதைக் கேளுங்க. போன செவ்வாய்க்கிழமை அந்த ரிஸ்வானா ஹால் டிக்கெட் வாங்கப் போறேன்னு வீட்டில் சொல்லிட்டு, தனியா ரெண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டைக்குப் போயிருக்காள். கட்டில் ஓரத்துல உட்கார்ந்து மூணு மணி நேரம் பேசியிருக்காள். பதிலே வரலை, இவள் நிறுத்தவும் இல்லை. பி பிரிவு டீச்சர் எப்படி நடப்பாங்க, நான் எப்படி இருமுவேன், எல்லாம் நடிச்சுக் காட்டினாளாம். நர்ஸ் சொன்னாங்க. கடைசியில் ஒரு டம்ளர் பாலை எடுத்து, "பாதி எனக்கு, பாதி உனக்கு"ன்னு இவள் பாதியைக் குடிச்சுட்டு நீட்டினாளாம். உலகு வாங்கிக் குடிச்சிருக்கு. வாயால. இத்தனை நாளில் அன்னைக்கு மட்டும்தான்.

அது வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. பாய் மகளோட பஸ் பாஸை வாங்கிப் பெட்டியில் வச்சுப் பூட்டிட்டார். இப்போ படிக்கிற லீவு வேற. வீட்டுக்கும் கடைக்கும்தான் அவள். டாக்டரம்மா போனில் பேசியும் கேட்கலை. "எம்மவ பேரை விடாம இருபத்துமூணு நாள் எழுதினவ, டீச்சர் முன்னால நிஜம்னு சொன்னவ. அவளுக்கு எம்மவ என்னத்துக்கு?"ன்னு கேட்டாராம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க: "அந்தப் பொண்ணு வந்தாகணும் டீச்சர். மருந்தோட இதுவும் வேணும். ஒவ்வொரு நாளும் முக்கியம். நடந்தது என்னன்னு அவருக்குச் சொல்ல உங்களால மட்டும்தான் முடியும். நேர்ல போங்க." இது புதன்கிழமை.

அதுக்குத்தான் போறேன்.

என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். "பாய், உங்க பொண்ணு மேல தப்பில்லை." இது முதல் வரி. சுலபமா வந்துடும். "உலகு மேலயும் தப்பில்லை." இது ரெண்டாவது. அப்போ அவர் கேட்பார்: "பின்னே யாரு மேல டீச்சர்?"

அங்கேதான் நின்னுடுது.

உங்ககிட்டச் சொன்னால் என்ன, நீங்க தென்காசிக்குப் போறவங்க. ரெண்டாவது நாள், முதல் முதலா ரிஸ்வானா பேர் ஏறின அன்னைக்கு, நான் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தேன். உள்ளே உலகு சாக்பீஸோட நிக்கிறாள். வகுப்பு அப்போ அமைதியாத்தான் இருந்துது. ரிஸ்வானா எழுந்து நின்னு சொன்னாள்: "ஏட்டி, என் பேரை எழுது. யார் பேராவது வேணும்லா? இல்லைன்னா இவளுக உன்னைத் திட்டுவாளுக. நான் நின்னுக்கிடுதேன், எனக்குக் கால் நோவாது." உலகு மாட்டேன் மாட்டேன்னு தலையை ஆட்டுது. இவள், "எழுதுட்டி, என் தங்கம்லா"ங்கிறாள். அப்புறம்தான் எழுதினாள். அன்னைக்கு 'ஸ்' மட்டும் கொஞ்சம் கோணலா விழுந்துது.

அன்னைக்கே எனக்குத் தெரியும். இருபத்துமூணு நாளும் தெரியும். பாய் வந்து நின்னப்பவும் தெரியும். தெரிஞ்சுதான், நிஜமா பொய்யான்னு கேட்டேன்.

வகுப்பு அமைதியா இருந்துதும்மா. அவ்வளவு அமைதியை நான் முப்பத்தோரு வருஷத்துல பார்த்ததில்லை.

என்ன தம்பி? ஆமாம், மணிக்கூண்டுதான். தெரியுது. அந்தா, கடையும் தெரியுது. பாய் மெஷின்ல உட்கார்ந்திருக்கார். வாசல்ல ஸ்டூல் போட்டு, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கிட்டு… அது ரிஸ்வானாதான். மெலிஞ்சுட்டாள். பஸ்சைப் பார்க்கிறாள். என்னைப் பார்த்துட்டாள். பாருங்க, எழுந்து நின்னுட்டாள், வகுப்புக்குள்ள டீச்சர் வந்தால் நிக்கிற மாதிரி. ஊசியைச் சட்டையில் குத்திட்டு இறங்கி வர்றாள். நான் இறங்குவேன்னு நினைக்கிறாள் போல.

இல்லை, நீங்க எழுந்திருக்க வேண்டாம். உட்காருங்கம்மா. வழி விட வேண்டாம். கடையில் ரெண்டு பேர் அளவு கொடுக்க நிக்கிறாங்க, வெளி ஆள் முன்னால பேசற பேச்சா இது? தம்பி, விசில் கொடுங்க, எனக்குத் தென்காசி வரைக்கும் ஒரு டிக்கெட் போடுங்க. நேத்தும் முந்தாநாளும் போட்டேன்தான், அதுக்கென்ன இப்போ? எல்லாரும் கேட்கிற மாதிரி ஏன் சொல்றீங்க?

இன்னும் அங்கேயே நிக்கிறாளா? நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா, எனக்குத் திரும்ப வசதிப்படலை.

நிக்கிறாளா.

தம்பி, நாளைக்கும் இதே நேரத்துக்கு இந்த பஸ் உண்டுதானே?